பட்டுப்புழுப் பதிவில் நான் எழுதிய இரண்டு சொற்கள்

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், இந்த வேலையில பயப்படறதுக்கு என்ன இருக்கு? கட்டுரையப் படிக்கிறோம், அந்தப் புரதம் என்ன வேலை செய்யுதுன்னு கட்டத்துல எழுதறோம். தப்பா இருந்தா அழிச்சிட்டு மறுபடி எழுதப் போறோம், அவ்வளவுதானே?"

நான் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் சிரித்தேன். நேற்றோடு ஓய்வு பெற்றுவிட்டேன், இனிமேல் யாரும் என்னை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. அதுவரை திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். வெளிநாட்டு வேலையெல்லாம் கம்பி வழியாக நம் ஊருக்கு வந்து இறங்க ஆரம்பித்த காலம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு கம்பெனி திறந்தார்கள். கீழே மொட்டைத்தலையும் சந்தனமுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்கிப் போவார்கள். மேலே நாங்கள் முப்பது பேர், உலகத்தில் எங்கெங்கோ கண்டுபிடிக்கப்பட்ட புரதங்களின் அமைப்பை எழுத்தெழுத்தாகக் காட்டும் வரிசைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர், வேலை, இருக்கும் இடம், தன்மை என்று பதிவு எழுதிக்கொண்டிருப்போம். எழுதியது கடல் தாண்டிப் போய் ஒரு பெரிய தரவுத்தளத்தில் சேரும். அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்காரர்கள். மாதம் ஒருவராவது ஐதராபாத்துக்கோ பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பிப் போவார்கள். அவர்கள் பாதியில் விட்ட பதிவுகளும் எங்கள் தலையில் விழும். ஒரு நாளைக்கு இத்தனை பதிவு முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கட்டம் ஏதாவது காலியாக இருந்தால் திரையில் மஞ்சளாகக் காட்டும். மஞ்சள் இருக்கும் பதிவு அன்றைய கணக்கில் சேராது. எனக்கு அந்த மஞ்சளைக் கண்டால் பயம். வயதான பெண், வேகம் போதாது என்று எடுத்துவிடுவார்களோ என்று தினமும் பயந்தேன்.

அப்படி ஒரு நாள் என்னிடம் வந்தது பட்டுப்புழுவின் தசையில் இருக்கும் ஒரு நொதி. அதே குடும்பத்து நொதி இறாலிலும் உண்டு. இறால் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பு தடித்து மூச்சு முட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இறாலின் பதிவில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்தால் பெரும்பாலான இடங்களில் ஒரே எழுத்துதான். ஆனால் பட்டுப்புழுவின் நொதியை ஒவ்வாமைக்காக யாரும் சோதித்ததாகக் கட்டுரை இல்லை. பட்டு நூல் எடுக்கும் தொழிலாளிகளுக்கு மூச்சிரைப்பு வருகிறது என்று ஒரு கட்டுரை மட்டும் கிடைத்தது. எந்தப் புரதத்தால் என்று அதில் சொல்லவில்லை. அதை ஒதுக்கி வைத்தேன்.

ஒவ்வாமைக் கட்டம் மஞ்சளாக நின்றது. மணி ஐந்தரை. இன்னும் நான்கு பதிவு பாக்கி. யாரும் சொல்லவில்லை, எனவே இல்லை என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு, ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் அடித்தேன்: 'நாட் அலர்ஜெனிக்.' ஒவ்வாமை உண்டாக்காது. மஞ்சள் போயிற்று.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நான் பிறந்தது ராமகுப்பத்துக்குப் பக்கத்தில். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வீட்டுப் பட்டுப்புழுக்களுக்கு மல்பெரி இலை வெட்டிப் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். என்னோடு பள்ளிக்கூடம் போன கெங்கம்மா நூல் எடுக்கிற ஷெட்டில் வேலை செய்தாள். கொதிக்கிற தொட்டிக்கு முன்னால் நின்று பட்டுக்கூடுகளைப் பிரிக்கும்போது அவளுக்கு இரைக்கும். ஊருக்குப் போகிறபோதெல்லாம் அந்த இரைப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அதெல்லாம் எனக்கு ஞாபகமே வரவில்லை. கட்டுரையில் இருப்பது மட்டும்தான் அறிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் ஓடிற்று. ஒரு சனிக்கிழமை காலை, எட்டு மணிக்கு அலுவலகம் திறந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு போன். ராமகுப்பம் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து நைனா, என் அப்பா, பேசினார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாப்பா, நம்ம ஷெட்டுல இன்னிக்கி புழு மாவு குடுக்கறாங்கோ. பலமநேர்ல இருந்து ஒருத்தரு வந்துகீறாரு. நூலெடுத்த அப்பறம் மிஞ்சற கூட்டுப்புழு கீதே, வீணாத்தானே போவுது? அத காயவெச்சி, எண்ணெ எடுத்துட்டு, மாவாக்கி, ராகி மால்ட்டுல கலந்து குடுப்பாங்களாம். ரொம்ப சத்தாம்."

"யாருக்கு நைனா?"

"ஷெட்டு பொம்பளைங்களுக்கு, அவங்க பசங்களுக்கு. ரெண்டு மணிக்கி. இன்னொண்ணு கேளு. துன்னா ஒண்ணியும் ஆவாதுன்னு கம்ப்யூட்டர்லியே எழுதிகீதாம். பேப்பரு காட்டனாரு. எம் பொண்ணும் இந்த வேலதான் செய்றான்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு வந்தேன்."

அந்தப் புழுவின் புரதங்களில் ஒவ்வாமை பற்றி எதையாவது எழுதியிருந்த பதிவு தரவுத்தளத்தில் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

"நைனா, யாரும் துன்னக்கூடாது. போய் நிறுத்து. கெங்கம்மாகிட்ட சொல்லு. ஷெட்டுல இரைக்கறவங்க யாரும் அதத் தொடவே கூடாது."

"ஏம்மா? பேப்பர்ல…"

"அந்தப் பேப்பரு தப்பு நைனா."

"சரிம்மா, போய் சொல்றேன்" என்றார். அவர் சொன்னால் யார் கேட்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அச்சடித்த காகிதம் ஒரு பக்கம், இலை வெட்டுகிற கிழவர் மறுபக்கம்.

மேலாளரிடம் ஓடினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்று சனிக்கிழமை. வெளிநாட்டில் ஒருவரும் போனை எடுக்கமாட்டார்கள். திங்கட்கிழமை முறைப்படி திருத்தம் அனுப்பலாம். நீங்களாக வெளியாட்களிடம் பேசுவது ஒப்பந்தத்துக்கு விரோதம். பதிவு தப்பு என்று வெளியே தெரிந்தால் முப்பது பேருக்கும் வேலை போய்விடும், புரிகிறதா?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் பயம்.

எங்கள் பதிவுகளைச் சரிபார்த்து அனுப்பும் பெண் ஒருத்தி இருந்தாள். சித்தூர் மிஷன் சர்ச் குடும்பம். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். அவள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தன் மேஜைக்குப் போய், இறாலின் பதிவையும், அதே குடும்பத்து நொதியுள்ள கரப்பான்பூச்சியின் பதிவையும் அச்செடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பதிவ நானும் பார்த்துத்தான் விட்டேன். இங்க நான் பேசிக்கிறேன். நீ பஸ்ஸப் பிடி."

ராமகுப்பம் வழியாகப் போகும் குப்பம் பஸ் கிடைத்தது. ஐந்து மணி நேரப் பயணம். சித்தூரில் பஸ் பத்து நிமிடம் நின்றபோது பூத்துக்கு ஓடி ஷெட் முதலாளியின் எண்ணைப் போட்டேன். எடுத்தார். நான் யாரென்று சொன்னேன், நிறுத்தச் சொன்னேன்.

"ஏம்மா, உங்க நைனாவும் வந்து இதையே சொல்லிகினு கீறாரு. கம்ப்யூட்டர் பேப்பரே கீது. இரு, படிக்கிறேன்." காகிதம் சரசரத்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார்: "நாட்… அலர்… ஜெனிக். இன்னாம்மா, கரெக்டா?"

என் சொற்களை முன்பின் தெரியாத ஒருவர் எனக்கே படித்துக் காட்டினார். அதை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் எங்கேஜ்டு. பஸ் ஹார்ன் அடித்தது. ஏறிக்கொண்டேன்.

மொகிலி மலைப்பாதையில் பஸ் ஊர்ந்தது. நான் மடியில் இருந்த காகிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு நிமிடம், ஒன்றும் ஆகாது, வீணாக அலைகிறேன் என்று தோன்றும். உலகத்தில் எத்தனையோ பேர் இந்தப் புழுவை வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அடுத்த நிமிடம் கெங்கம்மாவின் இரைப்பு காதில் கேட்கும். சாப்பிடுகிறவர்கள் வேறு. பத்து வருஷமாக அந்தத் தூசியையும் ஆவியையும் சுவாசித்து உடம்பு அதற்கு எதிரியாகிப் போனவர்கள் வேறு. அவர்களுக்கே அதைத் தம்ளர் நிறையக் கொடுக்கப்போகிறார்கள். ஒவ்வாமை இருக்கிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே முக்கால் மணி. வாசலில் நைனா நின்றிருந்தார். துண்டைக் கையில் பிடித்தபடி, உள்ளே போகாமல். "சிரிச்சாங்கோ பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் பிள்ளைகள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மால்ட் ஆவி பறந்தது. சில கைகளில் தம்ளர். பலமநேர்க்காரர் என்னைவிட இளையவர், இஸ்திரி போட்ட சட்டை, வந்தவளைப் பார்த்து நல்லபடியாகத்தான் சிரித்தார்.

"துன்னாதீங்க!" என்று கத்தினேன். "கீழ வைங்க. யாரும் குடிக்காதீங்க."

அவர் காகிதத்தை எடுத்து நீட்டினார். "மேடம், இதி சூடண்டி, இதைப் பாருங்கள். இன்டர்நேஷனல் டேட்டாபேஸ். நானாக எதுவும் சொல்லவில்லை."

"அதுல ஒவ்வாமை கிடையாதுன்னு எழுதியிருக்கில்ல? அத எழுதனது நாந்தாங்க."

பெண்கள் பக்கம் திரும்பினேன்.

"எனக்குத் தெரியாம எழுதனேன். யாரும் சோதிச்சுப் பார்க்கல. கட்டத்த நிரப்பணும்னு எழுதிட்டேன்."

அத்தனை பேர் முன்னால், என் அப்பாவின் முன்னால், அதைச் சொன்னேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பலமநேர்க்காரர் தன் கையிலிருந்த காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் புரியாமல், பிறகு வெளுத்துப்போய். ஓடிப்போய்ப் பிள்ளைகளின் கையில் இருந்த தம்ளர்களை அவரே பிடுங்கினார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

"மஞ்சு" என்று என்னைக் கூப்பிட்டது ஒரு குரல். கெங்கம்மா. பாத்திரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தாள். அன்று மால்ட் கலக்கியது அவள்தான். "நான் ஒரு தம்ளர் குடிச்சிட்டேனே. சக்கரை சரியா கீதான்னு பார்க்க."

"எப்ப?"

"இப்பதான். கொஞ்ச நேரம் முன்னால." கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள். உதடு தடித்திருந்தது. "வாயி ஒரு மாதிரி கீது. நமநமன்னு."

பலமநேர்க்காரரின் ஜீப்பிலேயே அவளைத் தூக்கிப் போட்டோம். அரசு ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் குரல் கரகரத்து, பேச்சே நின்றுபோயிற்று. என் கையைப் பிடித்திருந்தவள் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். வாந்தி எடுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பொய்யையும் என்னால் நம்ப முடியவில்லை.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர், தெலுங்குக்காரர். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். புழு அழுகியிருக்கும் என்றார் முதலாளி, விஷம் என்றாள் ஒருத்தி. டாக்டர் வயிற்றைக் கழுவ ஏற்பாடு செய்யச் சொன்னார். வாந்தியும் மயக்கமும் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "சார், இது விஷம் இல்லை. ஒவ்வாமை. இவளுக்கு ஷெட்டில் பல வருஷமா இரைப்பு உண்டு. இப்போது அதே புழுவைச் சாப்பிட்டிருக்கிறாள்" என்று தெலுங்கில் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தப் புழுவால் வரும் என்று எங்கேயாவது நிரூபித்திருக்கிறார்களா?"

என் வாழ்க்கையில் என்னை யாரும் அதைவிடப் பயமான கேள்வி கேட்டதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அதே கேள்வியை நானே கேட்டு, தப்பான பதிலை எழுதியிருந்தேன். இப்போது இன்னொரு தப்பு செய்தால் அவள் பிழைக்கமாட்டாள். ஒவ்வாமைக்குப் போடும் ஊசியை அது தேவையில்லாத உடம்பில் போட்டு ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான். வாயை மூடிக்கொண்டு படித்தவரிடம் விட்டுவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது.

"இல்லை சார்" என்றேன். "இந்தப் புழுவுக்கு நிரூபணம் இல்லை. இறாலுக்கு இருக்கிறது, கரப்பான்பூச்சிக்கு இருக்கிறது. அந்தப் புரதமும் இந்தப் புரதமும் ஏறக்குறைய ஒன்று. உறுதியாகத் தெரியாது. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்." கசங்கிய காகிதங்களை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பி, கெங்கம்மாவின் புடவையை விலக்கிக் கையிலும் வயிற்றிலும் எழும்பியிருந்த தடிப்புகளைப் பார்த்தார். நாடி பிடித்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "அட்ரினலின்" என்று நர்ஸிடம் சொன்னார். தொடையில் ஊசி இறங்கிற்று. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சின் சத்தத்தையே எண்ணினேன். எத்தனை எண்ணினேன் என்று தெரியாது. ஏதோ ஒரு இடத்தில் விசில் மாதிரி இருந்த சத்தம் குறைந்தது. அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பிழைத்துவிட்டாள். நான் போவதற்குள் ஒரு வாய் குடித்திருந்த வேறு மூன்று பெண்களுக்குத் தடிப்பு வந்து, மாத்திரையில் அடங்கியது. பிள்ளைகள் ஒருவரும் குடித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை திருத்தம் அனுப்பினோம். அக்கா தன் பெயரையும் சேர்த்துப் போட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் நான் பயந்ததுபோல் கத்தவில்லை. நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினார்கள், பதிவை மாற்றினார்கள். ஆனால் அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. காரணம் என்னவென்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. முப்பது பேரும் சிதறிப்போனோம். என்னால்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவை வழியில் எங்கே பார்த்தாலும் அதைக் கேட்க நினைப்பேன், கேட்டதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் திருத்தியது ஒரு இடத்தில்தான். அதற்குள் வேறு தரவுத்தளங்கள் அந்தப் பதிவை நகலெடுத்திருந்தன. அவற்றை இன்னும் சில நகலெடுத்தன. வேறொரு பூச்சியின் நொதிக்கு, பட்டுப்புழுவோடு ஒத்திருக்கிறது என்பதைக் காட்டி யாரோ என் இரண்டு சொற்களையே எழுதியிருந்தார்கள். பிற்பாடு வேறு இடங்களில் வேலை பார்த்தபோதெல்லாம் அதைத் தேடித் தேடிக் கடிதம் எழுதினேன். சிலர் மாற்றினார்கள். சிலர், இதற்கு ஆதாரம் இருக்கிறது என்று பதில் எழுதினார்கள். அந்த ஆதாரத்தைப் பின்தொடர்ந்து போனால் கடைசியில் என் மேஜைதான் வரும். எங்கோ ஒரு ஊரில், எனக்குத் தெரியாத பாஷையில், யாராவது அதைப் படித்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. பல வருஷம் கழித்து, அந்த நொதி ஒவ்வாமை உண்டாக்குகிறது என்று வேறு யாரோ முறைப்படி நிரூபித்தார்கள்.

கெங்கம்மாவால் அதன்பின் ஷெட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. வாசலில் நின்றாலே இரைத்தது. ஊரில் வேறு கூலி கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பெங்களூருக்கு, துணி தைக்கிற பேக்டரிக்குக் கிளம்பினாள். குப்பம் ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போயிருந்தேன். இரண்டு பிள்ளைகள், ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் குடம். அதுவரை அவள் என்னை ஒன்றுமே கேட்டதில்லை. எனக்கு அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

வண்டி வருகிற நேரத்தில் கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்.

"மஞ்சு, ஒனக்கு அதப்பத்தி ஒண்ணியும் தெரியாதுன்னு அன்னிக்கி ஷெட்டுல சொன்ன இல்ல? அப்ப தெரியலன்னே எழுதியிருக்கலாமே. அப்டி எழுதறதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல எடம் இல்லியா?"

"இருந்துது" என்றேன்.

"அப்பறம் ஏன் எழுதல?"

வண்டி வந்து நின்றது. பிள்ளைகளை ஏற்றினேன், குடத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை தெரியாதவள்னு நெனச்சிடுவாங்கன்னு பயந்தேன்டி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பயம் அவளுக்குத் தெரியாததா என்ன. வண்டி நகர்ந்தது.